ஒரு டன்னுக்கு எத்தனை கிராம்?

கோலார் தங்கவயலில், அதாவது கே.ஜி.எஃப்-பில், கடை நடத்துகிறவர் வெப்சைட் தொடங்கினால் எதை எதிர்பார்க்கலாம்?

கூகுளில் ‘கே.ஜி.எஃப்’ என்று தட்டிப் பாருங்கள். ஊர் வருவதற்கு முன்னால் நடிகர் யஷ் வருவார். பிரசாந்த் நீல் இயக்கிய அதே பெயர்ப் படத்தின் முதல் பாகம் 2018 டிசம்பரில் வந்தது, இரண்டாம் பாகம் 2022 ஏப்ரலில். அதன் பிறகு இந்த மூன்றெழுத்தை நாடே தேடுகிறது. பாட்டு, வசனம், வசூல் கணக்கு, அடுத்த பாகம் எப்போது என்ற கேள்வி. இவ்வளவையும் தாண்டிப் போனால்தான் அந்தப் பெயரில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் குடியிருக்கும் ஒரு நகரம் இருப்பதே தெரியும்.

ராபர்ட்சன்பேட்டையில் கல்யாண மண்டபமோ, ஆண்டர்சன்பேட்டையில் தையல் கடையோ நடத்துகிறவர் இதைச் சிரித்துவிட்டு ஒதுக்க முடியாது. வெப்சைட் போட்டுத் தருகிறோம் என்று வருகிறவர்கள் அவரிடம் விற்பது இந்தப் பெயரைத்தான். “கே.ஜி.எஃப்-னு தேடினாலே முதல் பக்கத்துல வந்துடுவீங்க சார், மாசம் பத்தாயிரம் பேர் பாப்பாங்க” என்கிற பேச்சு அநேகமாக எல்லா ஊரிலும் கேட்கிற பேச்சு, ஊர்ப் பெயர் மட்டும் மாறும். இங்கே அது இரட்டிப்பாகத் தவறு. சினிமா கம்பெனிகளையும் செய்தித் தளங்களையும் விக்கிப்பீடியாவையும் முந்திக்கொண்டு ஒரு தையல் கடை முதல் பக்கத்துக்கு வராது. ஏதோ அதிசயம் நடந்து வந்துவிட்டாலும், வருகிற பத்தாயிரம் பேரில் பிளவுஸ் தைக்க வந்தவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். படத்தின் நாயகன் ராக்கி பாயின் வசனத்தைத் தேடி வந்தவர், தையல் கூலிப் பட்டியலைப் பார்த்த மறு நொடியே வெளியேறிவிடுவார்.

ஆனால் எண்ணிக்கையைக் காட்டி இந்த ஊர்க்காரர்களை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமாக இருக்கக் கூடாது. எத்தனை டன் பாறை மேலே வந்தது என்பது ஒரு கணக்கு, அதில் எத்தனை கிராம் தங்கம் இருந்தது என்பது வேறு கணக்கு. இதை அப்பா, தாத்தா காலத்திலிருந்து தெரிந்து வைத்திருக்கும் ஊர் இது. சுமார் 120 ஆண்டுகளில் கோலார் சுரங்கங்களிலிருந்து வெட்டி எடுத்த பாறை ஏறக்குறைய 5 கோடியே 10 லட்சம் டன். கிடைத்த தங்கம் 800 டன்னுக்குச் சற்று மேல். வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு 15, 16 கிராம். ஆரம்பப் பத்தாண்டில் டன்னுக்கு 47 கிராம் வரை கிடைத்தது, கடைசிக் காலத்தில் மூன்று கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. 2001 பிப்ரவரி 28-ல், சுரங்கங்களை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டபோதும் கீழே தங்கம் இருந்தது. ஒரு கிராமை மேலே கொண்டுவர ஆகும் செலவு, அந்தக் கிராமின் விலையைத் தாண்டிவிட்டது என்பதுதான் விஷயம்.

வெப்சைட்டுக்கு வருகிறவர்கள் பாறை. அவர்களில் வாடிக்கையாளர் ஆகிறவர் தங்கம். இந்த ஒரு உவமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், வியாபார வெப்சைட்டுக்கு எதை இலக்காக வைப்பது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

பெரிய இலக்கு வைத்து வீணாய்ப் போன கதை வேண்டுமானால் அமெரிக்கா வரை போக வேண்டாம், நீலகிரிக்குப் போனால் போதும். பந்தலூர், தேவாலா பக்கத்துப் பாறைகளில் தங்கம் இருப்பது உள்ளூர்க்காரர்களுக்கு முன்பே தெரியும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா தங்க வயல்களில் அனுபவம் பெற்ற பிரஃப் ஸ்மித்தை அரசு அழைத்துவந்து ஆராயச் சொன்னது. அவர் அறிக்கை 1880-ல் வந்தது. லண்டனில் பங்குச் சந்தை பற்றி எரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள், நாற்பது லட்சம் பவுனுக்கும் மேல் முதலீடு. மேலே கிடைத்த நல்ல சில துண்டுகளைச் சோதித்த கணக்கை மலை முழுவதற்கும் பெருக்கிப் பங்கு விற்றார்கள். காட்டுக்குள் பங்களாக்கள் முளைத்தன, இயந்திரங்கள் மலையேறின. அரைத்துப் பார்த்தபோது வந்தது சொற்பம். சில ஆண்டுகளில் அநேகமாக எல்லாக் கம்பெனியும் படுத்துவிட்டது. பக்கத்துத் தெருக் கடைக்கு ஒரு மாதத்தில் வந்த ஆர்டரைக் காட்டி, ‘உங்களுக்கும் இதே மாதிரி’ என்று சொல்கிறவரைப் பார்க்கும்போது எனக்குப் பந்தலூர் ஞாபகம் வரும்.

அதே வேகத்தில் கோலாரிலும் கம்பெனிகள் தொடங்கின, இங்கேயும் பணம் கரைந்தது. 1880-ல் தொடங்கிய மைசூர் சுரங்கக் கம்பெனியின் கையிருப்பு சில ஆண்டுகளில் தீரும் நிலைக்கு வந்தது. மூடிவிடலாம் என்று பங்குதாரர்கள் முனகியபோது, மிச்சப் பணத்தையும் போட்டுப் பார்க்கலாம் என்று நின்றது அதை நிர்வகித்த ஜான் டெய்லர் நிறுவனம். களத்தில் இருந்த கேப்டன் பிளம்மர் கண்ட இடத்தில் குழி தோண்டவில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன்பு இங்கே தங்கம் எடுத்தவர்கள் விட்டுப்போன பழைய குழிகளைத் தொடர்ந்து கீழே இறங்கினார். சாம்பியன் தங்க நரம்பு அகப்பட்டது. அதன் பெயரில்தான் இன்றைய சாம்பியன் ரீஃப்.

பழைய குழி என்பது கடைக்காரருக்கு என்ன? ஏற்கெனவே வாடிக்கையாளர் எங்கிருந்து வருகிறார் என்பது. வெப்சைட் போடுவதற்கு முன்னால் ஒரு மாதம், கடைக்குள் வருகிற ஒவ்வொருவரிடமும் “எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டு நோட்டில் எழுதினாலே போதும். பாதிப் பேர் அத்தை சொன்னார், மாமா சொன்னார் என்பார்கள். சிலர் மேப்பில் பார்த்தோம் என்பார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் போனில் பார்த்துச் சொன்னான் என்று சிலர். அந்த மகன்தான் உங்கள் வெப்சைட்டைப் படிக்கப்போகிறவர். சினிமா ரசிகரை விட்டுவிடுங்கள்.

அந்த மகனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுரங்கம் மூடியபிறகு தங்கவயலை உயிரோடு வைத்திருப்பது ரயில். மாரிகுப்பத்தில் இருட்டோடு கிளம்பும் வண்டிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் ஏறி, பங்காருப்பேட்டை வழியாகச் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி பெங்களூருக்குப் போகிறார்கள். காவலாளி, செவிலியர், கணக்கர், ஐ.டி. ஊழியர் என்று எல்லோரும் அந்த வண்டியில் உண்டு. இரவு திரும்பும்போது ஊரில் பல கடைகள் ஷட்டர் இறக்கும் நேரம். ஆகவே அவர்கள் ஊர்க் கடையோடு பேசும் நேரம், ரயிலில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு இரண்டரை மணி நேரம்தான். கையில் இருப்பது போன், இடையிடையே சிக்னல் போகும். அந்த நேரத்தில் பெரிய படங்கள் நகரும் முகப்பு, பாட்டு ஓடும் வீடியோ எல்லாம் வைத்த பக்கம் திறக்கவே திறக்காது. நாலு வரி, ஒரு போன் நம்பர், ஒரு வாட்ஸ்அப் பொத்தான் இருந்தால் திறக்கும். அழகான வெப்சைட் என்று உங்களுக்கு யாராவது காட்டினால், பங்காருப்பேட்டை தாண்டி ஓடும் ரயிலில் உட்கார்ந்து திறந்து பாருங்கள்.

இனி கணக்குக்கு வருவோம். மண்டபத்தையே எடுத்துக்கொள்ளலாம். இது ஒரு கற்பனை மண்டபம். எண்களை அவரவர் டைரியைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

வருடத்தில் 60 நல்ல முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். 42 எப்படியும் நிரம்பிவிடுகிறது. சொந்தம், தெரிந்தவர், பழக்கம். மிச்சம் 18. அதில் பாதியாவது நிரம்ப வேண்டும் என்பது உரிமையாளரின் ஆசை. ஆக, வெப்சைட்டின் இலக்கு வருடத்துக்கு ஒன்பது முன்பதிவு. இப்போது பின்னோக்கிப் போவோம். நேரில் வந்து மண்டபத்தைச் சுற்றிப் பார்க்கிறவர்களில் நால்வரில் ஒருவர் அட்வான்ஸ் கொடுக்கிறார் என்றால், 36 பேர் வந்து பார்க்க வேண்டும். போன் செய்கிறவர்களில் மூவரில் ஒருவர் நேரில் வருகிறார் என்றால், 108 போன் வர வேண்டும். பக்கத்தைப் பார்க்கிறவர்களில் இருபதில் ஒருவர் போன் செய்வார் என்றால், 2,160 பேர் பார்க்க வேண்டும். வருடத்துக்கு. மாதத்துக்கு 180. நாளைக்கு ஆறு பேர்.

ஆறு பேர்! மாதம் பத்தாயிரம் பேர் என்று வாக்குக் கொடுக்கிறவர் முன்னால் இந்த எண்ணைச் சொல்ல வெட்கமாக இருக்கும். இருந்தாலும் மண்டபத்துக்குத் தேவை இந்த ஆறு பேர்தான். பெங்களூரின் கே.ஆர்.புரத்திலோ ஒயிட்ஃபீல்டிலோ குடியிருந்துகொண்டு, பெற்றோர் இருக்கும் ஊரிலேயே கல்யாணத்தை வைக்க நினைக்கும் ஆறு பேர். அவர்களுக்கு என்ன தெரிய வேண்டும்? எந்தத் தேதி காலி, சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு எத்தனை இலை, எத்தனை அறை, பஸ் உள்ளே வந்து திரும்புமா, ஜெனரேட்டர் உண்டா, வாடகை எவ்வளவு. இதில் வாடகையை மட்டும் பலர் எழுதமாட்டார்கள். “கூப்பிட்டா சொல்லலாம்” என்று ஒரு நினைப்பு. கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் விலை கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். உரிமையாளருக்குப் போன் அடித்துக்கொண்டே இருப்பதில் ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். வாடகையை எழுதிவைத்தால் போன் குறையும், வருகிற போனில் பெரும்பாலானவை உருப்படியாக இருக்கும். பாறை குறைந்து கிராம் கூடுவது இப்படித்தான்.

முதலில் வாடிக்கையாளரை எண்ணிவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குவது இந்த ஊருக்குப் புதிதல்ல. தங்கவயலுக்கு மின்சாரம் வந்த கதையே அதுதான். சிவசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியாளர் ஜோலி டி லோட்பினியர் திட்டம் போட்டபோது, அங்கே சுற்றுவட்டாரத்தில் அதை வாங்க ஆளில்லை. மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் அரசாங்கப் பணத்தை எடுத்து நீட்டுவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. காரணம் கோலாரில் இருந்தது. விறகும் நிலக்கரியும் எரித்து நீராவியில் ஓடிக்கொண்டிருந்த சுரங்கங்களோடு ஒப்பந்தம் போட்டார்கள், இத்தனை குதிரைசக்தி வாங்குவோம் என்று. ஆரம்பத் தேவை 4,000 குதிரைசக்தி. அந்த ஒரு வாடிக்கையாளரை நம்பி சுமார் 147 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்தார்கள். அந்தக் காலத்தில் உலகமே திரும்பிப் பார்த்த தூரம் அது. 1902 ஜூன் 30-ல் மின்சாரம் வந்தது. பெங்களூர்த் தெருவிளக்குக்கு அதற்கப்புறம் மூன்று வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. ‘நாடு முழுக்க வெளிச்சம்’ என்று தொடங்கியிருந்தால் அந்தத் திட்டம் கோப்பிலேயே தூங்கியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

தையல் கடைக்கு இதே கணக்கு வேறு மாதிரி முடியும். இரண்டு மெஷின், ஒரு உதவியாளர். வாரத்துக்கு முப்பது பிளவுஸ் தைக்க முடியும், இருபத்தைந்து ஏற்கெனவே வருகிறது. அவருடைய இலக்கு வாரத்துக்கு ஐந்து. ஐந்தைத் தாண்டினால் அது வெற்றி ஆகாது, வம்பு ஆகும். தீபாவளிக்கு முந்தைய வாரம் வெப்சைட்டைப் பார்த்து நாற்பது பேர் வாட்ஸ்அப்பில் வந்து நின்றால், பழைய வாடிக்கையாளரின் ஜாக்கெட்டும் நேரத்துக்குப் போகாது, புதியவருக்கும் பதில் போகாது. அதற்குப் பிறகு கூகுளில் ஒற்றை நட்சத்திரம் வாங்குவதற்கு அதிக நேரம் ஆகாது. ‘ஆர்டர் இப்போது எடுப்பதில்லை, 20-ஆம் தேதிக்கு மேல் வாருங்கள்’ என்று பக்கத்தில் எழுதிவைப்பதும் வெப்சைட் செய்யக்கூடிய நல்ல வேலைதான். இலக்கு என்றாலே மேலே போவது என்று யார் சொன்னது?

ரத்தப் பரிசோதனைக்கூடம் நடத்துகிறவர் போன் கூடுவதை இலக்காக வைக்கக் கூடாது, குறைவதை வைக்க வேண்டும். வெறும் வயிற்றில் வர வேண்டுமா, ரிப்போர்ட் எத்தனை மணிக்கு, ஞாயிறு உண்டா என்ற மூன்று கேள்விகளுக்குப் பக்கத்தில் பதில் இருந்தால், அங்கே வேலை பார்க்கும் பெண் நாள் முழுக்கப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. இந்த மாதம் எத்தனை அழைப்பு குறைந்தது என்று எண்ணலாம். கம்மசந்திராவில் இருக்கும் கோடிலிங்கேஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்களை நம்பி கார் ஓட்டுகிறவருக்கு இலக்கு இன்னொன்று. அவர் பக்கத்துக்கு வருகிறவர் இந்த ஊரே தெரியாதவர். பங்காருப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு எவ்வளவு தூரம், போய்வர எவ்வளவு காசு என்று கேட்பவர். ஊர்க்காரருக்கு அந்தப் பக்கத்தால் ஒரு பயனும் இல்லை. இருக்கவும் வேண்டாம்.

நினைத்த இலக்கு ஒன்று, கிடைத்தது வேறொன்று என்று ஆவதும் உண்டு. அதைப் பார்த்து மாறிக்கொண்டவர்களில் தமிழர் ஒருவர் கதை எல்லோரும் அறிந்ததுதான். 1990-களில் அமெரிக்காவில் மென்பொருள் வேலையில் இருந்த முருகவேல் ஜானகிராமன், அங்கிருந்த தமிழர்களுக்காக ஒரு வெப்சைட் தொடங்கினார். பண்டிகை நாள், கலந்துரையாடல், ஜாதகம் என்று பல சங்கதிகள். ஒரு மூலையில் வரன் பகுதி. கூட்டம் அந்த மூலையில்தான் கூடியது. மற்றதையெல்லாம் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்காமல் அந்த மூலையையே தொழிலாக்கினார். அது பாரத் மேட்ரிமோனி ஆயிற்று, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியாக வளர்ந்து 2017-ல் பங்குச் சந்தைக்கும் வந்தது. அவருக்கு மனைவி கிடைத்ததும் அந்தத் தளத்தில்தான். எந்தப் பக்கம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற குறிப்பேட்டை உட்கார்ந்து படித்ததுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதைப் படிக்கும் கடைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் பக்கத்திலேயே சான்று உண்டு. பெங்களூரில் 1999-ல் கே.வைத்தீஸ்வரனும் நண்பர்களும் ஃபேப்மார்ட் என்ற ஆன்லைன் கடையைத் திறந்தார்கள். இந்தியாவில் முதல் வரிசையில் வந்தவர்கள். யோசனையில் பிழை இல்லை. வாங்குகிறவர் கையில் இணையமும் கார்டும் வந்துசேர இன்னும் பத்து வருடம் இருந்தது. பின்னாளில் இண்டியாபிளாசா என்று பெயர் மாறிய அந்தத் தளம் 2013-ல் நின்றது. காலத்தையும் இலக்கோடு சேர்த்து எழுத வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

காலம் என்றால் சின்னக் கடைக்கு எவ்வளவு? புது வெப்சைட் போட்ட மறுநாளே கூகுளில் தேடி, “எங்க கடை வரலையே” என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. கூகுள் ஒரு புதுப் பக்கத்தைக் கண்டுபிடிக்க நாட்கள் ஆகும், அதை நம்பி மேலே கொண்டுவர மாதங்கள் ஆகும். முதல் மூன்று மாதத்துக்கு முன்பதிவு இலக்கே வைக்காதீர்கள். பக்கம் கூகுளில் ஏறிவிட்டதா, மேப்பில் கடை சரியான இடத்தில் நிற்கிறதா, திறக்கும் நேரம் சரியா, போன் நம்பரைத் தொட்டால் அழைப்பு போகிறதா. இவ்வளவுதான் முதல் காலாண்டு. இதில் மேப் விஷயம் தங்கவயலில் கொஞ்சம் பாடு. சுரங்க லைன்கள், பிளாக் எண்கள், பழைய ஷாஃப்டின் பெயரால் வழங்கும் தெருக்கள் என்று முகவரி சொல்லும் முறையே தனி. வெளியூர்க்காரர் அதைப் படித்து வந்து சேரமாட்டார். எம்.ஜி. மார்க்கெட்டிலிருந்து எந்தப் பக்கம், எத்தனை நிமிட நடை என்று எழுதுவது நல்லது.

எந்தப் பெயரில் தேடினால் கடை வர வேண்டும் என்ற முடிவும் அப்போதே எடுக்க வேண்டும். ‘கே.ஜி.எஃப்’ என்ற பெயரை சினிமாவுக்கே விட்டுவிடலாம். 2024 ஆகஸ்டில் பா.ரஞ்சித்தின் ‘தங்கலான்’ வந்தபிறகு ‘கோலார் தங்கவயல்’ என்பதிலும் கொஞ்சம் சினிமா கலந்துவிட்டது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், ஊரிகம், பேத்தமங்கலா என்ற பெயர்களை எந்த நடிகரும் இன்னும் தொடவில்லை. ‘ராபர்ட்சன்பேட்டை கல்யாண மண்டபம்’ என்று தேடுகிறவர் மாதத்துக்கு நூறு பேர்தான் இருப்பார் என்றாலும், அவர் மண்டபம் தேடுகிறவர். மேல் மண்ணை விட்டு நரம்புக்கு நேராக இறங்குவது இது.

மொழி விஷயத்தில் ஒரே விடை கிடையாது. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ, போனில் தட்டுவது ஆங்கில எழுத்தில் தமிழ். இதுதான் ஊரின் நடப்பு. சுற்றுக் கிராமங்களில் தெலுங்கும் உண்டு. மூன்று மொழியிலும் முழு வெப்சைட் போட்டு, இரண்டை ஒரு வருடம் தொடாமல் விட்டு வைப்பதைவிட, ஒரே பக்கத்தில் முக்கியமான தகவலை மூன்று மொழியிலும் நாலு நாலு வரி எழுதுவது நடக்கிற காரியம். எந்தச் சொல்லைத் தட்டி வந்தார்கள் என்று கூகுள் சர்ச் கன்சோல் காசு வாங்காமல் காட்டும். ஆறு மாதம் கழித்து அதைப் பார்த்து எந்த மொழியைக் கூட்டலாம் என்று தீர்மானிக்கலாம். அதுவரை மொழிச் சண்டையைக் கடைக்கு வெளியே வைத்துக்கொள்வோம்.

இலவசம் பற்றி ஒரு வார்த்தை. 2011 நவம்பரில் கூகுள் இந்தியாவில் ஒரு திட்டம் தொடங்கியது. மூன்று வருடத்தில் ஐந்து லட்சம் சிறு வியாபாரிகளுக்கு வெப்சைட், முதல் வருடம் இலவசம். 2017 ஜனவரியில் சுந்தர் பிச்சை டெல்லிக்கு வந்து, போனிலிருந்தே சில நிமிடங்களில் கடைக்கு வெப்சைட் உருவாக்கும் வசதியை அறிவித்தார். நல்ல வசதிதான். 2024 மார்ச்சில் அந்த வெப்சைட்கள் எல்லாவற்றையும் கூகுள் நிறுத்திவிட்டது. விசிட்டிங் கார்டிலும் பலகையிலும் அந்த முகவரியை அச்சடித்து வைத்தவர்கள் நிலையை யோசித்துப் பாருங்கள். ஐந்து லட்சம் என்பது கூகுளின் இலக்கு, கடைக்காரரின் இலக்கு அல்ல. அடுத்தவர் எண்ணிக்கைக்குள் நாம் ஒரு எண்ணாக இருப்பதில் தப்பில்லை. ஆனால் சொந்தப் பெயரில் ஒரு டொமைன் வாங்கி, அதன் பாஸ்வேர்டைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சுற்றி ஆகும். வெப்சைட் போட்டுக் கொடுத்தவர் பெயரில் டொமைன் இருந்தால், அவர் போனை எடுக்காத அன்றைக்குக் கடையின் பெயரே கையில் இருக்காது.

விளம்பரத்துக்கு வருவோம், அங்கேதான் சுரங்கக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. கூகுளில் ஒரு கிளிக்குக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மண்டபத்துக்குத் தேவையான 2,160 பேரையும் விலை கொடுத்தே வரவழைத்தால் 21,600 ரூபாய். ஒன்பது முன்பதிவு என்றால், ஒன்றுக்கு 2,400. ஒரு கல்யாணத்தில் மண்டபத்துக்கு நிற்கிற லாபம் பத்து, பதினைந்தாயிரம் என்றால் தாராளமாகச் செய்யலாம். அதே விலையில் தையல் கடைக்கு இருபது பேரை வரவழைத்து ஒரு போன் வாங்க இருநூறு ரூபாய். அந்தப் போன் ஆர்டராக மாறாமலும் போகலாம். பிளவுஸ் கூலி நானூறு. நூல், கரண்ட், உதவியாளர் சம்பளம் போக என்ன மிஞ்சும்? ஒரே பாறை, ஒரே இயந்திரம்; ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நஷ்டம். எந்த அளவுக்குக் கீழே தரம் போனால் வெட்டுவதை நிறுத்த வேண்டும் என்று சுரங்க மேலாளர்கள் முன்கூட்டியே குறித்து வைத்திருப்பார்கள். ஒரு வாடிக்கையாளருக்கு அதிகபட்சம் எவ்வளவு செலவழிக்கலாம் என்ற எண்ணை விளம்பரம் தொடங்குவதற்கு முதல் நாளே எழுதி ஒட்டிவைக்க வேண்டும். தொடங்கியபிறகு எழுதினால் மனசு அந்த எண்ணை இழுத்து நீட்டும்.

அந்த எல்லை ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. தங்கம் பிரித்தபின் கொட்டப்பட்டு, ஊரைச் சுற்றிலும் மலை மலையாகக் கிடக்கும் சைனைடு மண்ணைப் பாருங்கள். பதின்மூன்று மேடுகள், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். டன்னுக்கு ஒரு கிராமை ஒட்டித்தான் தங்கம் இருக்கும் என்பது கணிப்பு. மூன்று கிராமுக்கே கட்டுப்படாமல் மூடிய ஊரில், அந்த ஒரு கிராமை எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. தங்கத்தின் விலை எங்கோ போய்விட்டது, இந்த மண்ணை மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து தூக்கி வர வேண்டியதும் இல்லை. ஏற்கெனவே அரைத்து மேலே கிடக்கிறது. கடைக்காரரிடமும் இப்படி ஒரு மேடு இருக்கும்: பழைய பில் புத்தகம். ஐந்து வருடத்துக்கு முன்னால் வந்தவரின் போன் நம்பர் அதில் இருக்கிறது. அவருக்கு, அவர் சம்மதத்தோடு, வருடத்துக்கு இரண்டு முறை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்ப ஒரு பைசா விளம்பரச் செலவு கிடையாது. வெப்சைட்டுக்கு முதல் ஆறு மாத வருகையில் பாதியை இங்கிருந்தே எதிர்பார்க்கலாம். தினமும் ‘குட் மார்னிங்’ பூ அனுப்பாதீர்கள், நம்பரை முடக்கிவிடுவார்கள்.

கணக்கு எழுதுவதற்கும் ஊரில் ஒரு பழைய முறை இருக்கிறது. அந்நாளில் சுரங்கக் கம்பெனிகள் மாதா மாதம் லண்டனுக்குத் தகவல் அனுப்பும்: இத்தனை டன் அரைத்தோம், இத்தனை அவுன்ஸ் கிடைத்தது. பங்குதாரர் அதைப் பார்த்தால் போதும், மிச்சம் புரிந்துவிடும். வெப்சைட்டுக்கும் அந்த அளவு அறிக்கை போதும். இந்த மாதம் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் கூப்பிட்டார்கள், எத்தனை பேர் காசு கொடுத்தார்கள், எவ்வளவு செலவு. வண்ண வண்ணப் படங்களோடு இருபது பக்க அறிக்கை வந்தால், இந்த நாலு எண் எங்கே என்று கேளுங்கள். ‘இம்ப்ரெஷன்’ என்று ஒரு பெரிய எண் முதல் பக்கத்தில் இருக்கும். யாரோ தேடும்போது உங்கள் பெயர் ஓரத்தில் கண்ணில் பட்ட கணக்கு அது, கடைக்குள் வந்த கணக்கு அல்ல.

புது நெடுஞ்சாலையைப் பற்றி இப்போது நிறையப் பேச்சு. 262 கிலோமீட்டர் சென்னை – பெங்களூர் எக்ஸ்பிரஸ்வே மாலூர், பங்காருப்பேட்டை, தங்கவயல் பக்கமாகப் போகிறது. கர்நாடகப் பகுதியில் 2024 கடைசியிலேயே வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. பெங்களூர் பக்கத்தில் வந்துவிட்டது என்று நிலத் தரகர்களோடு சேர்ந்து வெப்சைட்காரர்களும் குதூகலிக்கிறார்கள். ஒயிட்ஃபீல்டு பெண்ணுக்கு இங்கே பிளவுஸ் தைக்கலாம், உண்மைதான். ஆனால் சாலை இரண்டு பக்கமும் ஓடும். இங்கே இருக்கிறவர் அங்கே போய்ப் புடவை வாங்குவதும் அதே அளவு சுலபமாகிவிட்டது. ஆகவே வருகிற வருட இலக்கில், புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி எழுதினால், பழையவர்கள் போகாமல் இருப்பதற்கும் ஒரு வரி எழுத வேண்டியிருக்கும்.

வருடம் முடிந்து, டொமைன் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வரும்போது நம் மண்டபக்காரர் கணக்கைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வர வேண்டிய இடத்தில் நாலு வந்திருக்கிறது. நாளைக்கு ஆறு பேர் பார்த்திருக்கிறார்கள், போன் மட்டும் நூற்றெட்டுக்குப் பதில் ஐம்பதுதான். அப்படியானால் கூகுளில் கோளாறு இல்லை, விளம்பரத்தைக் கூட்டவும் தேவையில்லை. பார்த்தவர் ஏன் கூப்பிடவில்லை? பக்கத்தில் போன வருடப் பந்தல் படம் இருக்கிறதா, காலித் தேதி கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, வாடகை எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். போன் நூறைத் தாண்டி, நேரில் வந்தவர் மட்டும் பத்துப் பேர் என்றால், போனை எடுத்துப் பேசியவர் யார் என்று பார்க்க வேண்டும். நாற்பது பேர் வந்து பார்த்தும் நாலு பேர்தான் அட்வான்ஸ் கொடுத்தார்கள் என்றால், வெப்சைட்டை விட்டுவிட்டுச் சமையல்கட்டையும் கழிப்பறையையும் போய்ப் பார்க்க வேண்டும்.